கட்டியவர்தான் கழற்ற வேண்டும்

எத்தனையும் பிரியமுள்ள இச்சாயன் அறிய, உங்கள் மனைவி த்ரேஸ்யாக்குட்டி எழுதுவது. நானும் நம் மகள் லின்ஸியும் அம்மச்சியும் கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி? கடையில் நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டீர்களா?

இங்கே மழை பிடித்துவிட்டது, ரப்பர் வெட்டு நின்றுபோனது. லின்ஸி உங்கள் பழைய குடையோடுதான் பள்ளிக்கூடம் போகிறாள். புதுசு வாங்கலாம் என்றால் அப்பச்சன் வாசனை இருக்காது என்கிறாள். குடையில் என்ன வாசனை? நானும் யாரும் பார்க்காத நேரத்தில் மோந்து பார்த்தேன். மழை வாசனைதான் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புது மேட்ரன் வந்திருக்கிறார், சிஸ்டர் க்ளாரிஸ். ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவது எங்கள் வார்டுதானே. வெறும் வயிறா, பல்செட்டை எடுத்தாச்சா, நகை இல்லையா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் பெண்களின் தாலியை மட்டும் நாங்கள் கழற்றச் சொன்னதே இல்லை. சொன்னால் அழுவார்கள். நாமும் பெண்கள்தானே என்று மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிடுவோம். போன மாதம் அப்படிப் போன ஒருத்திக்கு ஆபரேஷன் தியேட்டரில் இரத்தத்தை நிறுத்தக் கரண்டு மெஷின் வைத்தபோது கழுத்தில் சுட்டுவிட்டது. காயம் சின்னதுதான். ஆனால் பொட்டுத் தங்கம் இருந்தாலும் ஸ்ட்ரெச்சர் வார்டைத் தாண்டக் கூடாது என்று மேட்ரன் உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாளே வந்தது வம்பு. பார்கவியம்மா என்று ஒருத்தி, பித்தப்பையில் கல். தாலி என்றதும் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கிச் சங்கிலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செத்தாலும் இதோடுதான் சாவாளாம். தியேட்டரிலிருந்து ஆள்மேல் ஆள் வருகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் தாமோதரனை உள்ளே இழுத்து வந்தேன்.

“கட்டுனது நீங்கதானே? நீங்களே கழற்றுங்க. திரும்பி வந்ததும் நீங்களே கட்டணும்” என்றேன்.

பார்கவியம்மா தலையைக் குனிந்து கொடுத்தாள். அந்த ஆள் கொக்கியைத் தேடிக் கழற்றினார். சங்கிலியைச் சட்டைப்பையில் போட்டு, அவள் வெளியே வரும்வரை பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை, சாயா குடிக்கக்கூடப் போகவில்லை. திரும்பக் கட்டும்போது அவள் அரை மயக்கத்தில், “மெதுவா மனுஷா, முடி மாட்டுது” என்று திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது வார்டில் அதுதான் வழக்கம். ஒருத்தியும் மறுப்பதில்லை. த்ரேஸ்யா சேச்சி வார்டில் தினமும் கல்யாணம் என்று ஷைனி நர்ஸ் கிண்டல் செய்கிறாள். மேட்ரனே சிரித்துவிட்டார்.

இனி என் விஷயம். படித்துவிட்டுப் பதறக் கூடாது. வயிற்றுவலி என்று எழுதியிருந்தேனே, அது கர்ப்பப்பையில் கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. ஆனால் இரத்தம் போய்ப் போய் வெளுத்துவிட்டேன். இச்சாயன் வரட்டும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற நீயே இப்படிச் செய்யலாமா என்று அன்னம்மா டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார். மாதா பெருநாள் முடிந்த திங்கட்கிழமை என்று முடிவாகிவிட்டது. என் வார்டிலிருந்துதான் போகிறேன்.

என் மின்னுத் தாலியைத் தான் வாங்கி வைத்துக்கொள்வதாக உங்கள் தம்பி பேபிச்சன் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன். நானே கழற்றிவிடலாம் என்று நேற்று கண்ணாடி முன்னால் நின்றேன். கை பின்கழுத்துவரை போய்த் திரும்பி வந்துவிட்டது. கத்திக்கு எனக்குப் பயமில்லை இச்சாயா. அன்றைக்கு ஷைனி வந்து, யார் கழற்றுவது சேச்சி என்று கேட்பாள். நான் வாசலைப் பார்ப்பேன். அங்கே ஆள் இல்லாவிட்டால்?

லீவு கிடைக்க அங்கே இருப்பவர்கள் அம்மாவுக்கு சீரியஸ் என்று பொய்த் தந்தி வரவழைப்பார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். நான் மெய்யான தந்தியே அடிக்கிறேன், முதலாளியிடம் காட்டி, அவர் வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். சாமான் ஒன்றும் வாங்க வேண்டாம். போன தடவை கொண்டுவந்த போர்வை பிரிக்காமல் கிடக்கிறது. எனக்குப் போர்வை வேண்டாம், நீங்கள் வேண்டும். இதை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்துவிட்டேன்.

சுகமா என்று இப்போது கேளுங்கள். இல்லை.

மாதா உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்று சொல்ல மறந்தேன். சங்கிலிக் கொக்கி மிகவும் இறுகிப்போயிருக்கிறது. புறப்படும்முன் நகம் வெட்டிவிடாதீர்கள்.

வாசலைப் பார்த்துக்கொண்டு,
உங்கள் த்ரேஸ்யா