ஆறு மணி விடுதலை

செப்டம்பர் 1, திங்கள்

வெயில். மண்டபத்து மொட்டைமாடித் தொட்டியில் ஃப்ளோட் வால்வு மாற்றினேன். அங்கே நின்றால் ராஜகிரி தெரியும். எத்தனை ராஜா, எத்தனை நவாப் கைமாறிய கோட்டை. யார் பிடித்தாலும் கல் சுமந்தவன் எங்கள் தெருக்காரன்தான். அவனுக்கு முதலாளி மாறினான், அவ்வளவே.

குரூப் தேர்வுக்கு பிரெஞ்சுப் புரட்சி முடித்தாயிற்று. ஞாபகத்துக்கு:

பாஸ்டில் சிறையை உடைத்தபோது உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்.

அன்றைக்கு ராஜா டைரியில் எழுதியது: ஒன்றும் இல்லை. வேட்டையில் எதுவும் சிக்கவில்லையாம். வெண்ணெய்.

கில்லட்டின் பிளேடு சாய்வானது. நேர் பிளேடைவிட வெட்டு சுத்தம். அந்தப் புரட்சியிலேயே ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள். அதை நாட்டி வைத்தவர்களையும் அதுவே வெட்டியது. பல வருஷம் வெட்டித் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு பேரரசர். எஃபிஷியன்சி பூஜ்யம்.

ஆனாலும் அவர்களிடம் பிளேடாவது இருந்தது.

எங்களிடம் என் நைனா இருக்கிறார். சங்கக் கூட்டம் முடிந்து வந்து மஞ்சள் பையைத் தட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாலை மறியல். சுடுகாட்டுப் பாதைக்காக. பாதையை நிலத்துக்காரன் உழுது நாற்று நட்டு நாலு வருஷம். மனு கொடுத்தும் நாலு வருஷம். நைனாவுக்கு மறியலில் நல்ல சர்வீஸ். பையில் துண்டு, சுகர் மாத்திரை, உட்காரப் பழைய பேப்பர். நடைமுறை எனக்கு மனப்பாடம். பத்துக்கு ரோட்டில் உட்காருவார்கள். பதினொன்றுக்குக் கைது. வேனில் ஏற்றி நேராகக் கல்யாண மண்டபம். ஒன்றுக்கு சாம்பார் சாதம். ஆறுக்கு விடுதலை. ஆறே காலுக்கு டீக்கடை.

அந்த மண்டபத்துக்கு எலக்ட்ரீஷியன் நான். டிப்ளமா இ.இ.இ., முதல் வகுப்பு. அப்பா கைதாகி வருவார், மகன் ஃபேன் போடுவான்.

எதிர்வீட்டு சுசீலா அத்தை வந்தது. மாமா போன மழையில் செத்தார். பாதை இல்லாமல் வயலில் இறங்கித் தூக்கிப் போனோம். முழங்கால் சேறு. முன்பக்கம் இடது தோள் நான். என் கால்தான் வழுக்கியது. பாடை சரிந்து மாமா பாதி உடம்பு சேற்றில். அத்தை ஓடி வந்து வயல் தண்ணீரிலேயே அவர் முகத்தைக் கழுவிவிட்டது. இதுவரை யாரோடும் எந்த ஊர்வலத்துக்கும் போகாத அத்தை, இந்த மறியலுக்குப் பேர் கொடுத்திருக்கிறது.

"டேய் மோகனு, ஜெயில்ல பிரஷர் மாத்திர குடுப்பாங்களா?"

"பதினைஞ்சு நாளைக்கு எடுத்துக்கோ அத்தே. ரிமாண்டுன்னா பதினைஞ்சு நாள். விசிறியும் எடுத்துக்கோ. ஃபேன் இருக்காது."

சிரிக்காமல் சொன்னேன். "சரிப்பா" என்று போய்விட்டது. தமாஷ் என்று புரிந்திருக்கும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புழுக்கம். ஜெனரேட்டர் ஆயில் பார்த்தேன். சேஞ்ச் ஓவர் ஸ்விட்சுக்கு கிரீஸ். ஈ.பி. லைனும் ஜெனரேட்டர் லைனும் அந்த ஒரு கைப்பிடி வழியாகத்தான் மண்டபத்துக்குள் வர வேண்டும். மட்டமான டிசைன். சொன்னால் ஓனர் கேட்கிறாரா.

மேனேஜருக்கு ஸ்டேஷனிலிருந்து போன். அவர் பேசியது மட்டும் காதில் விழுந்தது. "எத்தன பேரு சார்? முப்பத்தஞ்சா? பொம்பளைங்க எத்தன? சரி, ஊறுகா சேத்துச் சொல்லிடறேன்."

மறியல் இன்னும் நடக்கவில்லை. கைதுக்கு ஊறுகாய் ஆர்டர் ஆகிவிட்டது.

நாளைக்கு அதே ஹாலில் சாயந்திரம் ஏழு மணிக்கு ரிசப்ஷன். நாளன்றைக்கு முகூர்த்தம். "ரெண்டும் எப்படி சார்?" என்றேன்.

"ஆறு மணிக்குத் தொறந்து வுட்டா ஆறரைக்குள்ள கூட்டிப் பெருக்கிடலாம். உங்க ஆளுங்க டைமுக்குப் போயிடுவாங்கப்பா. நல்லவங்க."

பாராட்டாம்.

பெண்ணின் அப்பா ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. வாசலில் இருபது அடி ஃப்ளெக்ஸ். அவர் கையில் வாள், பின்னால் எரிமலை. 'சமத்துவப் போர்வாளே! புரட்சியின் எரிமலையே!' வாள் பிடித்த கையில் ஆறு விரல். கம்ப்யூட்டர் வரைந்தது. ஏணி பிடித்தது நான்.

படிப்பு: ரஷ்யா. ரொட்டி வரிசையில் நின்று வெறுத்துப்போன பெண்கள் தெருவில் இறங்கியதில் ஆரம்பம். எங்கள் ரேஷன் வரிசையிலும் நிற்பது பெண்கள்தான். கைரேகை விழவில்லை என்றால் மெஷினைத் திட்டிவிட்டு மறுநாள் வருவார்கள். மெஷினுக்கு ரோஷம் கிடையாது.

செப்டம்பர் 3, புதன்

எழுத நிறைய. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றேகாலுக்கு வேன் வந்தது. நைனா முன்னால் இறங்கி எனக்குக் கையாட்டினார், மாப்பிள்ளை மாதிரி. கடைசியாக சுசீலா அத்தை. தோளில் பெரிய டிராவல் பேக். கையில் சுருட்டிய போர்வை. மற்றவர்கள் மஞ்சள் பையோடு வந்திருக்க, அத்தை மட்டும் ஊரைக் காலி செய்துகொண்டு வந்தது போல. சொல்லிவிடலாம் என்று போனேன். பெண் போலீஸ் பக்கத்தில் இருந்தார். ஆறு மணிக்குத் தானே தெரிந்துவிடும் என்று திரும்பிவிட்டேன்.

ஒன்றுக்கு சாப்பாடு. மூன்றுக்குப் பாதி பேர் தூக்கம். பின்கட்டில் ரிசப்ஷனுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரியாக ஆறு. இன்ஸ்பெக்டர் மேடை ஏறினார். "எல்லாரும் ரிலீஸ். கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

நைனா துண்டை உதறினார். எல்லோரும் எழுந்தார்கள். அத்தை எழவில்லை.

"பாத குடுத்துட்டீங்களா சார்?"

"அது மேல பேசணும்மா. பேசிட்டிருக்கோம்."

"அப்ப எதுக்கு வுடறீங்க? பாத கேட்டதுக்குத்தான புடிச்சீங்க?"

இத்தனை வருஷ மறியலில் இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

"பதினைஞ்சு நாளுன்னு ஆட்டக்கூட எங்க அக்கா ஊட்ல ஓட்டி வுட்டுட்டு வந்துட்டேன் சார்."

"யாரும்மா சொன்னது பதினைஞ்சு நாளுன்னு?"

"படிச்ச புள்ள சொல்லுச்சு."

பேனல் ரூம் வாசலில் நின்றிருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பவில்லை. காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்.

நைனா குனிந்து மெதுவாக, "வா சுசீலா. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நீ போண்ணே. உனுக்குப் பழக்கம். எனுக்கு இதான் மொத தபா."

நைனா நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பேப்பரை எடுத்து மறுபடி விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொருத்தராக எல்லோரும்.

பாஸ்டிலில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இங்கே கதவு விரியத் திறந்திருக்கிறது, போகமாட்டேன் என்கிறார்கள்.

தூக்கலாமா என்று ஒரு போலீஸ் கேட்டார். "மண்டபத்துல பொம்பளைங்கள இழுத்து, அவன் அவன் செல்லுல புடிச்சா யாருய்யா பதில் சொல்றது? சும்மா இரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

மேனேஜர் என்னிடம் ஓடி வந்தார். "மெயின இறக்கு. மோட்டாரையும் நிறுத்து. புழுக்கத்துல தானா எழுந்து போவாங்க."

இறக்கினேன். டைரியில் யாரிடம் மறைக்க, இறக்கினேன். மணி ஆறு இருபது. வேலை போய்விடும் என்ற ஒரே காரணம். கில்லட்டின் கயிறை இழுத்தவனும் சம்பளக்காரன்தான்.

ஃபேன்கள் ஓய்ந்தன. அத்தை பேக்கைத் திறந்து பனை விசிறியை எடுத்தது. நான் எடுத்துவரச் சொன்ன விசிறி. தனக்கு நாலு வீசிவிட்டு நைனாவுக்கு வீசியது.

ஆறரைக்குப் பெண் வீட்டு வேன்கள். மேளம். "போடு, லைனப் போடு" என்று மேனேஜர். அவர் திட்டம் சுலபம். லைட்டும் பாட்டும் வந்தால் விருந்தாளிகள் உள்ளே நுழைவார்கள். அந்தக் கூட்டத்தைக் காட்டி இவர்களைப் பின்கட்டு ஷெட்டில் ஒதுக்கிவிடலாம்.

கைப்பிடியில் கை வைத்தேன். இரண்டு விநாடி வேலை.

"சேஞ்ச் ஓவர் மாட்டிக்கிச்சு சார். ஈ.பி.யும் வராது, ஜெனரேட்டரும் வராது."

"இன்னாப்பா சொல்ற? தள்ளு, நான் பாக்கறேன்."

"தொட்டா அடிக்கும் சார்."

தள்ளி நின்றுகொண்டார்.

பெண் வாசலில் மேக்கப்போடு நிற்கிறது. உள்ளே அரை இருட்டு. அத்தை எழுந்துபோனது. "உள்ள வா கண்ணு. வெளியில கொசு." பிறகு அவள் அப்பாவிடம், "நீங்க பாட்டுக்கு நடத்துங்க சார். நாங்க ஓரமா ஒக்காந்துக்கறோம். பந்தி போட்டா நாங்களும் உங்களோட எல போட்டுக்கறோம். கல்யாண ஊடு. பசியோடவா அனுப்பிடப் போறீங்க?"

மிரட்டல் கிடையாது. அத்தைக்கு மிரட்டத் தெரியாது. உபசாரமாகத்தான் சொன்னது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "யாரு இவங்கெல்லாம்? எந்தத் தெரு?" என்றார். பந்திக்குக் கிளம்பிய முகங்கள் அப்படியே நின்றன.

சமத்துவப் போர்வாள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தன் ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்று, தாசில்தாரிடம் கெஞ்சினார். நாலு வருஷ மனுவுக்கு அசையாத ஜீப் இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தது. இதுதான் இன்றைய அரசியல். தலை போகும் என்றால்கூட யோசிப்பான். பக்கத்து இலையில் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம் என்றதும் ஓடுகிறான்.

காகிதம் வந்தது. அத்தை என்னைக் கூப்பிட்டது. "படி." செல் டார்ச்சில் உரக்கப் படித்தேன். நாளை காலை பத்து மணிக்குப் பாதையை அளந்து கல் நடப்படும். கையெழுத்து, முத்திரை.

"தேதி போட்டிருக்குதா?"

"போட்டிருக்குது அத்தே."

அதன் பிறகுதான் போர்வையைச் சுருட்டியது.

போய்க் கைப்பிடியைத் தூக்கினேன். ஏழு இருபது. சீரியல் பல்பு உட்பட எல்லாம் எரிந்தது. மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் தூறல். முகூர்த்தம் ஒழுங்காக நடந்தது. வெளியே வந்து சர்வேயரைப் பார்க்க ஒரு மணி நேரம் பர்மிஷன்.

நான்கு கல் நட்டார்கள். நிலத்துக்காரன் வரப்பில் குடை பிடித்து நின்றான். ராத்திரிக்கே பிடுங்கினாலும் பிடுங்குவான். புரட்சி என்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரிப்பேன். நாலு கல். ஆனால் அடுத்த பாடை பாதை வழியாகப் போகும்.

நைனா டீக்கடையில்: "நான் அப்பவே சொன்னேன், எழுந்திரிக்கக்கூடாதுன்னு." போகட்டும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். "பதினைஞ்சு நாள்னு சும்மா சொன்னேன் அத்தே. தமாசுக்கு."

"அடப் பாவி. அந்த ஆடு எங்க அக்கா ஊட்டுப் பூசணிக் கொடி பூரா தின்னுட்டிருக்குதுடா." ஆட்டை ஓட்டி வரக் கிளம்பிவிட்டது.

சாயந்திரம் மேனேஜர். "நேத்து ஒரு மணி நேரம் லைன் இல்ல. ஓனர் கேக்கறாரு. மெக்கானிக்க வரச் சொல்லிட்டாரு. இன்னா பழுதுன்னு லாக்புக்ல எழுதி வை."

காண்டாக்ட் கருகிவிட்டது என்று எழுதலாம். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்பேனரை வைத்து நானே கருக்கலாம், ஐந்து நிமிஷம். போய்த் திறந்தேன். செவ்வாய்க்கிழமை நான் வைத்த கிரீஸ் அப்படியே பளபளப்பாக இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்விட்சைக் கெடுக்க எனக்குக் கை வராது. மூடினேன்.

லாக்புக்:

லைன் நிறுத்தம்: 6.20 முதல் 7.20 வரை.
டீசல் செலவு: இல்லை.
பழுது: ஒன்றும் இல்லை.

கையெழுத்து புரியும்படி போட்டேன்.