டாக்டர் மட்டும் வராமல் இருந்திருந்தால்

பருத்திப்பட்டு
1936, ஆவணி

ரங்கூனிலிருக்கும் என் கண்மணி பரந்தாமனுக்கு அம்மா நாகம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் உடம்பு தேறிய சேதிக்குத்தான் இந்த வீடு காத்துக்கினு கிடக்கிறது. உன் தங்கை வடிவுக்கு இது ஆறாம் மாதம், ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது.

நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் அறைத்தோழர் முகர்ஜி இங்கிலீஷில் போட்ட காயிதம் போன வாரம் வந்தது. மிஷன் துரைசானியம்மாளிடம் இங்கிலீஷ் படிக்கிறேனே, நானே படிக்கிறேன் என்று பெருமையாக உட்கார்ந்தேன். அப்பா மண்வெட்டியும் கையுமாக எதிரே நின்று இன்னா எழுதிக்கீது என்றார். உன் பெயர், நடுவில் இரண்டு குட்டிச் சொற்கள், அடுத்ததே செத்து என்கிற சொல். போயிட்டானே என்று கத்திவிட்டேன், அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், அக்கம்பக்கம் கூடிவிட்டது. கடைசியாக நீ என்ன பேசினாயோ, அதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்று மறுபடி எடுத்தேன். கீழே, இப்போது கஞ்சி குடிக்கிறான், ஊறுகாய் கேட்டு என் உயிரை வாங்குகிறான் என்றிருந்தது. செத்தவன் எப்படி ஊறுகாய் கேட்பான். திரும்ப மேலே போய் விரல் வைத்துக் கூட்டினேன். பரந்தாமன் செத்திருப்பான், டாக்டர் மட்டும் அன்று ஆற்றைத் தாண்டி வராமல் இருந்திருந்தால், என்று எழுதியிருக்கிறார் மனுஷர்! நம் பேச்சில் அந்த இருந்திருந்தால் முன்னாலேயே வந்துவிடும், நடந்த சங்கதி கடைசியில்தான், அது வந்தால் பேச்சு முடிந்தது. அந்தப் பழக்கத்தில் என் புத்தி செத்து என்பதோடு கதவைச் சாத்திவிட்டது கண்ணு. கண் படிப்பது இங்கிலீஷ், உள்ளே அடுக்குவது தமிழ். துரைசானியம்மாளிடம் சொன்னேன், தமிழ் படிக்கும்போது கடைசிச் சொல் வருவதற்குள் தனக்கும் மூச்சு முட்டுகிறது என்று சிரித்தாள்.

அப்பா இப்போது தினமும் அந்தக் காயிதத்தைப் படிக்கச் சொல்கிறார், டாக்டர் வந்ததை மொதல்ல படி, அப்பால மத்தது என்கிறார். நிலத்தை விட்டு நீ கப்பலேறிய நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காதவர்.

வெந்நீரே குடி, எண்ணெய்ப் பலகாரம் தொடாதே. முகர்ஜிக்கும் அந்த டாக்டருக்கும் எங்கள் கும்பிடு. உன் கையால் தமிழில் ஒரு வரி எழுது, மறந்துவிடாதே. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஊட்டுக்கு வரச் சொல்லு, நெலத்துக்கு இல்லே, சும்மா வந்து மூஞ்சைக் காட்டச் சொல்லு என்கிறார்.

நூறு வயது இரு என்று வாழ்த்தும்
உன் அம்மா
நாகம்மாள்