கீழ்த்தள வீடு

அக்கா,

நீ பஸ் ஏற்றிவிட்ட அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், உங்கள் ஊர் அரசாங்கக் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதாம், லிஃப்ட் ஓடுகிறதாம். சொல்லிச் சொல்லி மாய்கிறாள். இங்கே லிஃப்ட் குழியில் குப்பைதான். நாலாவது மாடிக்கு அவளை என் வீட்டுக்காரர் முதுகில் சுமந்து வந்தார். இரண்டு ஊரிலும் நாம் ஏழைகள்தான். உங்கள் ஊர் ஏழைக்குக் கதவாவது ஒழுங்காகச் சாத்துகிறது.

"நடக்க முடியாத பெரியவங்க இருந்தா கீழ்த்தளத்துல வீடு தராங்க. அம்மாவை நான் பாத்துக்கறேன்டி" என்றாய். நம்பி அனுப்பினேன். சாவி கைக்கு வந்த வாரமே, இடம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாய்.

நேற்று உங்கள் ஊர் வீட்டுவசதி வாரியத்திலிருந்து போன் வந்தது. அம்மா யாரோடு இருக்கிறாள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெரியவகூடத்தான் இருக்கேன். சின்னவளைப் பாக்க வந்தேன். நாளைக்கே கிளம்பிடுவேன்."

வைத்த கையோடு துணிகளை மூட்டை கட்டினாள்.

"எங்கேம்மா?"

"உங்கக்கா கூப்பிட வருவா. யாராவது கேட்டா இப்படிச் சொல்லுன்னு பொய் சொல்ல வச்சுட்டு விட்டுடுவாளா?"

இன்றும் கதவோரமே உட்கார்ந்திருக்கிறாள். நீ வரமாட்டாய் என்று அவளிடம் என்னால் சொல்ல முடியாது. நீயே வந்து சொல்.

உன் தங்கை