குறி விழாத மூன்று அறிக்கைகள்

அனுப்புநர்:
தங்கள் காப்பகத்தில் உள்ள மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய்,
இரத்தப் பரிசோதனைக்கூட ஊழியர்.

பெறுநர்:
குழந்தைகள் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: நாளை காலை என் மகளுக்குப் போடவிருக்கும் எலும்பு ஊசியை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு மாதத்தில் மூன்றாம் முறையாக எலும்பு முறிந்ததால், நான் அடித்திருப்பேன் என்ற சந்தேகத்தில் பதினோரு நாள்களுக்கு முன் என் மகளைத் தங்கள் துறையினர் அழைத்துச் சென்றார்கள். "யாரு கையைப் பிடிச்சா?" என்று விசாரித்தபோது "அம்மா" என்றாளாம். உண்மைதான். சட்டை மாட்டிவிடப் பிடித்தேன். மளுக்கென்று சத்தம் கேட்டது.

2. இரண்டு வயதிலேயே அவளுடைய முன்பற்கள் இரண்டு வேரோடு விழுந்தன. எங்கோ இடித்துக்கொண்டாள் என்று நினைத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். சென்ற வாரம் அவற்றைப் பார்த்த பல் மருத்துவர், "ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எவ்வளவும்மா?" என்று கேட்டார். எலும்பு கெட்டிப்படுவதைத் தடுக்கும் ஒரு பொருளை உடைத்து அப்புறப்படுத்தும் நொதி அது. அதற்கான மரபணு பழுதானால் எலும்பு இறுகாது. கால்சியம் மாத்திரையை டப்பா டப்பாவாகக் கொடுத்தாலும் பலனில்லை.

3. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மூன்று முறையும் அவள் இரத்தத்தைப் பரிசோதித்தவள் நானே. அளவுகள் 31, 28, 30. அவள் வயதுக்குக் குறைந்தது நூற்றைம்பது இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில், இந்த நொதி கூடினால் மட்டுமே இயந்திரம் எச்சரிக்கைக் குறி போடும்படி வைத்திருக்கிறோம். குறைந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. குறி விழவில்லையே என்று மூன்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெற்ற மகளின் தாளையே சரியாகப் பார்க்காதவளை என்ன திட்டினாலும் தகும். ஆனால் ஐயா, நான் அடிக்கவில்லை.

4. எலும்பு வலுப்பெறட்டும் என்று காப்பக மருத்துவர் எழுதிக் கொடுத்த, எலும்புத் தேய்வைத் தடுக்கும் அந்த ஊசி இந்த நோய்க்கு ஆகாது, முறிவு அதிகமாகலாம் என்று, பல் மருத்துவர் அனுப்பிவைத்த மரபணு மருத்துவர் எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன். குழந்தை தங்களிடம் இருப்பதால் என் இரத்தமும் கணவர் இரத்தமும் மரபணுச் சோதனைக்குப் போயிருக்கின்றன. முடிவு வர மூன்று வாரம் ஆகும். காப்பகச் செவிலியரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நீங்க சொல்லி நிறுத்த முடியாதும்மா, மேலிடம் சொல்லணும்" என்றார். அவர் மேல் தப்பில்லை.

ஆகவே, சோதனை முடிவு வரும்வரை ஊசி போட வேண்டாம் என்று இன்றே உத்தரவிட வேண்டுகிறேன். குழந்தையைத் திருப்பித் தாருங்கள் என்று இந்த மனுவில் நான் கேட்கவில்லை. விசாரணை நடக்கட்டும். என்னைப் பார்க்க விட வேண்டாம் என்றாலும் ஒப்புக்கொள்கிறேன். ஊசி நின்றால் போதும்.

இப்படிக்கு,
(கையெழுத்து)
குழந்தையின் தாய்

நாள்: புதன்கிழமை, மாலை நான்கு மணி
இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு. பதில் கிடைக்கும்வரை இங்கேதான் இருப்பேன்.