எட்டாத முகடு

ஜூன் 4

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நான் நலம். குழாய்தான் நலமில்லை, ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

நூலகத்தில் ஒரு பழங்காலத் தாவரவியலாளரின் பயணக் குறிப்புகளை அச்சுக்காகத் தட்டச்சு செய்கிறேன். அட்டை கடித்த காலோடு மலையேறுகிறார். நனைந்த செடிகளை நெருப்பருகே காய வைக்கிறார். ஓரிடத்தில், "வீட்டிலிருந்து கடிதம். எல்லாரும் நலம்" என்று ஒரே வரி. அடுத்து ஒரு பெரணிச் செடிக்கு நாலு பக்கம்! எனக்கு வந்த கோபத்தில் அன்று வேலையே ஓடவில்லை.

உங்கள் பாலம் எப்போதுதான் முடியும்?

வாயாடி

ஜூன் 15

அன்பு வாயாடி,

செத்துப்போன மனுஷன் மேல் வந்த கோபத்தை என் தலையில் கட்டாதே. தூண் வேலை இழுக்கிறது. இன்னும் மூன்று மாதம் இருக்கச் சொன்னார்கள், சரி என்றுவிட்டேன். குழாய்க்கு ஆளைக் கூப்பிடு.

ஊர்சுற்றி

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

அந்த மனிதர் மேல் இப்போது கோபமில்லை. காய்ச்சலோடு ஒரு முகட்டின் கீழேயே திரும்பிவிடுகிறார். "மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. என்னவென்று தெரியாமலே போகிறேன்" என்கிறார். அதைத் தட்டியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியில் நின்றாலும் அந்த முகடுதான்.

எங்கள் நூலகக் காப்பாளர் அங்கே ஓர் ஆய்வுக்குழுவைக் கூட்டிப் போகிறார். "அவர் கிறுக்கலைப் படிக்க உன்னை விட்டா யாரும்மா இருக்கா? நீயும் வர்றியா?" என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பது வாய்வரை வந்தது. "வர்றேன் சார்" என்றுவிட்டேன்.

சாவி எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கும்.

உங்கள் மனைவி

ஜூலை 12

அன்பே,

அடிவார முகாம் முகவரியை உன் நூலகத்தில் வாங்கி எழுதுகிறேன்.

உன்னைத் தடுக்கத்தான் லீவு போட்டு ஓடிவந்தேன். பெட்டியோடு வாசலில் நின்றவனிடம் டீச்சர், "அவங்க நேத்தே கிளம்பிட்டாங்களே!" என்று சாவியை நீட்டினார். திருடன் மாதிரி என் வீட்டுக்குள் நுழைந்தேன். அறைக்கு அறை நடந்தேன். எங்கேயும் உட்கார முடியவில்லை.

மேசையில் நீ தட்டிய பக்கங்கள். குறை கண்டுபிடிக்கத்தான் எடுத்தேன்; கீழே வைக்க முடியவில்லை. அவர் திரும்பும் இடத்தில், "யோவ், இன்னும் கொஞ்சம் ஏறுய்யா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, நான் வந்திருப்பதே உன்னைப் பாதியில் திருப்பிக் கூட்டிவர என்று.

அடிவாரத்துக்கு பஸ் இருக்கிறதாம். இத்தனை வருஷத்தில் உன்னைக் கேட்டு நான் எங்கேயும் போனதில்லை, வந்ததுமில்லை. இப்போது கேட்கிறேன்.

வரட்டுமா?