நாலு பேரின் நகர்வலம்

டிசம்பர் 6, சனி

வருடக் கடைசி விடுமுறைக்குக் கல்லூரித் தோழிகள் சேர்ந்து ஒவ்வொரு பப்பாக ஏறி இறங்கி நகர்வலம் போகப் போகிறோம். ஏற்பாடு முழுக்க என் தலையில். "நீதான்டீ பொறுப்பானவ" என்றாள் எங்கள் கூட்டத்து வக்கீல். பாராட்டு என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டேன். வேலை என்று பிறகுதான் உறைத்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

விதிமுறைகளை அனுப்பிவிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. யாரும் வண்டி எடுக்கக் கூடாது. ஒரு கோப்பை முடிந்தால் அடுத்தது தண்ணீர். கோப்பையை மேசையில் அனாதையாக விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்புவது.

"இது பார்ட்டியா, பள்ளிக்கூட சுற்றுலாவா?" என்று கேட்டாள் இன்னொரு தோழியான பேக்கரிக்காரி. வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிட்டியா?" என்றார். போன வருடம் அவருடைய கூட்டாளி குடித்துவிட்டுச் சாக்கடைக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் செய்தாரே, அது வீரம். நான் தண்ணீர் குடிக்கச் சொன்னால் சிரிப்பு.

டிசம்பர் 12, வெள்ளி

எக்ஸ்ரேயை என்ன செய்வது? எங்களில் நாலாவது ஆள்; ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். குடித்துவிட்டு வேலைக்குப் போய், வேலையே போகிற நிலைமை வந்து, இந்த வருடம்தான் அடியோடு விட்டிருக்கிறாள்.

"கூப்பிடாம இருக்கறதுதான் அவளுக்கு நல்லது." வக்கீலின் தீர்ப்பு. நானும் தலையாட்டினேன். அவளுக்கு நல்லதாம். நமக்கு எவ்வளவு வசதியான நல்லது!

டிசம்பர் 15, திங்கள்

பேக்கரிக்காரியின் ஓட்டை வாய் உளறிவிட்டது. மதியம் எக்ஸ்ரே நேராக எங்கள் கண்ணாடிக் கடைக்கே வந்து, நான் கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க மூணு பேருக்கும்தான் என்னைத் தெரியலையோன்னு பார்க்க வந்தேன்."

"உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"நான் குடியைத்தான்டீ விட்டேன். உங்களை விடலையே."

வருகிறாளாம். ஒரே ஒரு நிபந்தனை: அவள் 'போலாம்' என்றால் யாராவது ஒருத்தி ஏன் என்று கேட்காமல் கூடவே எழுந்து வர வேண்டும். நான் எழுதிய விதி அத்தனையும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

டிசம்பர் 20, சனி

முதல் இடம் பிரமாதம். எலுமிச்சை ஜூஸைக் குடித்துக்கொண்டே பலகையில் குறிபார்த்து அம்பு எறிகிற ஆட்டத்தில் எங்கள் எல்லோரையும் தோற்கடித்தாள் எக்ஸ்ரே.

இரண்டாவது இடத்தில்தான் வினை. வரும்போதே வீட்டில் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்திருந்த வக்கீல், தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினாள். "ஒரே ஒரு வாய்டீ. லீவு நாள்தானே? செத்தா போயிடுவ?"

எக்ஸ்ரேயின் கை மட்டும் நகர்ந்தது. விரல் கோப்பையில் பட்டது.

"போலாம்" என்றாள், கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

எழுந்தேன். "யோக்கியங்க கிளம்பிட்டாங்கப்பா!" என்று முதுகுக்குப் பின்னால் வக்கீல்.

தெருமுனை சூப் கடையில் உட்கார்ந்தோம். அவள் ஸ்பூனைத் தொடவில்லை. கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய சாதனை என்று அவளுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரி ஓடி வந்தாள். "அவ வர மாட்டேங்கறாடீ. தனியா உட்கார்ந்து குடிச்சுக்கிட்டே இருக்கா."

சேர்ந்து திரும்புவது என்று எழுதித் தொலைத்தவள் நான்தானே. எக்ஸ்ரேக்குப் பேக்கரிக்காரியைத் துணை வைத்துவிட்டுப் போய், வக்கீலை எழுப்பி, டாக்சியில் ஏற்றி, அவள் வீட்டுப் படுக்கை வரை கொண்டு சேர்த்தேன். வழியெல்லாம் என் ஏழு தலைமுறையையும் குறுக்கு விசாரணை செய்தாள். பாதுகாப்பான, இனிமையான விடுமுறை!

டிசம்பர் 21, ஞாயிறு

வக்கீலிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. தலைவலி வந்திருக்கும்.

டிசம்பர் 28, ஞாயிறு

வக்கீல் போன் செய்தாள். குளிரைப் பற்றிப் பேசினாள். நீதிபதியைத் திட்டினாள். ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில், "எக்ஸ்ரே வாராவாரம் ஒரு கூட்டத்துக்குப் போறாளே, குடியை விட்டவங்க கூட்டம்... அதுக்கு யாரு வேணா போலாமா?" என்றாள்.

எந்தக் கட்சிக்காரருக்காக என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"அவகிட்டயே கேளேன்."

"திட்டுவாளாடீ?"

"திட்டுவா. கூட்டிட்டும் போவா."

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். சளி பிடித்திருக்கிறதாம்.

சரி, சளிதான்.