என் இடப்பக்கத்தில் ஓர் இடம்

நம் பெரியவளின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் கடிதம் பதினோரு நாள் கழித்து நேற்றுதான் கிடைத்தது. தபால்காரர்களும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். மருந்தையும் வெளிநாட்டுக் கடிதங்களையும் மட்டும் சைக்கிளில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

துறைமுகச் சாலையில் நாங்கள் மறியலில் உட்கார்ந்து இன்றோடு பத்தொன்பது நாள். கையோடு கை கோத்து வரிசையாக உட்கார வேண்டும். இழுத்தால் எழக் கூடாது, அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது, இடைவெளி விடக் கூடாது. மூன்றாவதை மீறியவள் நான். உங்களுக்கு இடது காது மந்தம் என்று நீங்கள் எப்போதும் என் இடப்பக்கம்தானே உட்காருவீர்கள்? அந்தப் பழக்கத்தில் முதல் நாள் அந்தப் பக்கம் ஓர் ஆள் இடம் விட்டுவிட்டேன். போலீஸ் அதற்குள்தான் புகுந்தது. அப்பால் இருந்த தையல்காரம்மாவை இழுத்ததில் அவர் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மிஷினைத் தொட முடியாது. பார்க்கப் போனபோது, “வீட்டுக்காரருக்கு இடம் போட்டு வச்சியாக்கும், பஸ்ல துண்டு போடற மாதிரி” என்று சிரித்தார். நான்தான் அழுதேன்.

நேற்று மாலை ஒலிபெருக்கியில் நீங்கள் வேலை செய்யும் துறைமுகத்துச் செய்தியை வாசித்தார்கள். நம் அரசாங்கம் வாங்கிய கண்ணீர்ப்புகைக் குண்டுகளைக் கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று அங்குள்ள தொழிலாளர்கள் இரண்டு வாரமாகக் கிரேன்களை நிறுத்தியிருக்கிறார்களாம். நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் நமக்காகச் சம்பளம் இல்லாமல் நிற்கிறார்கள். சாலை முழுக்கக் கைதட்டல். நான் தட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மடியில் உங்கள் கடிதம் இருந்தது.

கிரேனில் ஏறி அந்தப் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தால் அதே கப்பலில் உங்களையும் ஊருக்கு அனுப்புவதாகக் கம்பெனி சொல்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். விமானமும் ஓடவில்லை, வேறு கப்பலும் இல்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. சின்னவள் உங்களைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். “அப்பா எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருப்பாரா?” என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏறாதீர்கள்.

உங்கள் இடத்தில் இப்போது தையல்காரம்மா, மாவுக்கட்டுப் போட்ட கையை என் கையோடு கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வந்து கேட்டால் மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுப்பாராம். வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஆனாலும் சரி, வேறு கப்பலில் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவள்